பட்டியல்ல இருந்தா குப்பையா?

போன மாசம் எங்க ஆராய்ச்சிக் குழுவோட பொது டிஸ்க் 94 சதவீதம் ரொம்பிடுச்சு. ஜெர்மனில மாஸ்டர்ஸ் படிக்கிற பல பேர் மாதிரி நானும் ஒரு குழுவுல 'ஹிவி' வேலை பாக்குறேன் (மணிக்கணக்குல சம்பளம் வாங்குற எடுபிடின்னு வெச்சுக்குங்க). அதனால இந்த ஆணி என் தலைல விழுந்துச்சு. குழுத் தலைவர் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் அனுப்பினார். வரிக்கு ஒண்ணா 63 ஃபோல்டர் பேரு. "யாரும் பயன்படுத்தாதவை, அழிக்க ஸ்கிரிப்ட் எழுதவும்." மெயில் அவ்ளோதான்.

அஞ்சே வரி பாஷ். ஃபைலைப் படி, பேரை எடு, ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் போடு. காபி ஆறுறதுக்குள்ள எழுதிட்டேன். ஓட்டப் போற நேரத்துல பக்கத்து சீட் அண்ணன் எட்டிப் பாத்தார். திருநெல்வேலிக்காரர், பிஎச்டி கடைசி வருஷம்.

"தம்பி, ஆர்எம்முக்கு முன்னால ஒரு எக்கோ போட்டு ஓட்டு. அழிக்காது, எதை அழிக்கப் போவுதுன்னு மட்டும் காட்டும்."

"அண்ணே, அஞ்சு வரிதானே..."

"அதாம்ல சொல்லுதேன்."

போட்டேன். பட்டியல்ல 'மெஸ்ஸுங் ஆல்ட்'னு ஒரு பேரு, அதாவது 'பழைய அளவீடு'. நடுவுல ஒரு இடைவெளி இருக்கா, என் ஸ்கிரிப்ட் அதை ரெண்டு பேரா வெட்டிடுச்சு. முதல்ல 'மெஸ்ஸுங்', அப்புறம் 'ஆல்ட்'. 'ஆல்ட்'னு எதுவும் கிடையாது. ஆனா 'மெஸ்ஸுங்' இருக்கு. அண்ணன் உட்பட நாலு பேரோட இந்த வருஷத்து அளவீடு மொத்தமும் அதுலதான்.

இன்னும் கேளுங்க. அந்த ஃபைல் விண்டோஸ் நோட்பேட்ல சேமிச்சது. ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கிட்டு வரும். லினக்ஸ் அதையும் பேரோட சேத்துப் படிச்சு, அப்படி ஒரு ஃபோல்டரே இல்லன்னு முடிவு பண்ணிடும். மைனஸ் எஃப் போட்டிருக்குறதால அதையும் வெளிய சொல்லாது. ஆக, என் ஸ்கிரிப்ட் ஓடியிருந்தா அழிக்கச் சொன்ன ஃபோல்டர்ல ஒண்ணுகூடப் போயிருக்காது, அழிக்கவே கூடாத ஒண்ணு மட்டும் போயிருக்கும். ஒரு எர்ரர்கூட வந்திருக்காது :-) பட்டியல் கடைசில சும்மா விட்ட ஒரு வெத்து வரி வேற. அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை மட்டும் நீக்கிட்டு, வரி வரியாப் படிச்சு, ஃபோல்டர் பேருக்கு முன்னாடி முழுப் பாதையையும் ஒட்டி எழுதியிருந்தா, அந்த வெத்து வரிக்கு மொத்த டிஸ்க்கையும் வழிச்சிருக்கும்.

சரி, இதெல்லாம் திருத்திடலாம். வரி வரியாப் படிக்கணும், மேற்கோள் குறி போடணும், அந்த ஒட்டுண்ணி எழுத்தை நீக்கணும், வெத்து வரியைத் தாண்டணும். அரை மணி நேர வேலை.

என் சண்டை அந்தப் பட்டியலோடதான். 'யாரும் பயன்படுத்தாதவை'ன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டேன். விண்டோஸ்ல தேதி வரிசைல அடுக்கி, ரெண்டு வருஷத்துக்கு மேல பழசானதையெல்லாம் எடுத்தாங்களாம். ஆனா ஃபோல்டரோட தேதி, அதுக்குள்ள நேரடியா ஒரு ஃபைல் சேந்தாலோ போனாலோ பேரு மாறினாலோதான் மாறும். உள்ள இருக்குற ஃபோல்டருக்குள்ள தினமும் நீங்க எழுதிக்கிட்டே இருந்தாலும் வெளிய 2021னே காட்டிக்கிட்டு இருக்கும். நான் தோண்டிப் பாத்ததுல 63ல 9 ஃபோல்டர் அப்படி. ஒண்ணுல முந்தின வாரம்கூட யாரோ வேலை செஞ்சிருக்காங்க.

அப்புறம், தொடாததெல்லாம் தேவையில்லாததா? ஒரு ஃபோல்டர், படிச்சு முடிச்சுப் போன ஒரு அக்காவோடது. 2022ல வந்த கட்டுரையோட மூல அளவீடு அதுல இருக்கு. இங்க டிஎஃப்ஜியோட 2019 வழிகாட்டி நெறிகள்படி, வெளியான ஆய்வுக்கு அடிப்படையான தரவை பொதுவா 10 வருஷம் வெச்சிருக்கணும். யாரும் தொறக்காம 10 வருஷம் கெடக்குறதுதான் அதோட வேலையே.

பெரிய எடத்துலயும் இது நடந்திருக்கு. 2021 டிசம்பர்ல க்யோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டர்ல, பழைய லாக் ஃபைல்களை அழிக்க வேண்டிய ஒரு ஸ்கிரிப்ட், ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாத்தப்பட்டதால 14 குழுக்களோட சுமார் 77 டெராபைட்டை அழிச்சது. கிட்டத்தட்ட 3.4 கோடி ஃபைல். 4 குழுக்களோடதைத் திருப்பவே முடியல. எழுதுனவங்க ஹிவி பசங்க இல்ல, தொழில்முறைக்காரங்க.

அதனால நான் சொல்றது இது: ஸ்கிரிப்ட் அழிக்கவே கூடாது, நகர்த்தணும். தேதி போட்ட ஒரு ஃபோல்டருக்குள்ள எல்லாத்தையும் தள்ளு, மூணு மாசம் விடு, யாராவது கத்துறாங்களான்னு பாரு. பட்டியல்ல ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல "இதை அழிக்கலாம்"னு சொன்ன மனுஷன் பேரும் இருக்கணும். பேரு இல்லாத வரியை ஸ்கிரிப்ட் தொடக் கூடாது.

தலைவர் கேட்டது நியாயம்தான்: "ஒரே டிஸ்க்குக்குள்ள நகர்த்துனா ஒரு பைட்கூட மிச்சமாகாதே?" ஆகாது. 94 அப்படியே 94தான். இடம் இன்னிக்கே வேணும்னா புது டிஸ்க் வாங்குங்கன்னு சொன்னேன். (மணிக்கணக்குக் கூலிக்காரனுக்கு இவ்ளோ வாய் ஆகாது, தெரியும்.) மூஞ்சிய சுளிச்சார், ஆனா ஒத்துக்கிட்டார். எல்லாருக்கும் பட்டியலை அனுப்பினோம். 63ல 17க்கு "ஐயோ, வேணும்"னு பதில் வந்துச்சு. 45ஐ அழிக்கலாம்னு பேரோட எழுதித் தந்தாங்க, அதை ஓரமா நகர்த்தி வெச்சிருக்கேன்.

மிச்சம் ஒண்ணு, 'டெஸ்ட் 2 ஃபைனல் புதுசு'. யாரோடதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. அது இருந்த எடத்துலயே இருக்கு.