ஓடாத வண்டியும் உறங்கும் உழைப்பும்

ஒருவன் குடை வாங்குகிறான். மழை பெய்யும்போது விரித்துப் பிடிக்கிறான். ஒருவன் மண்வெட்டி வாங்குகிறான். மறுநாட் காலையிலேயே அதன் அலகில் மண் ஒட்டிவிடுகிறது. மனிதனுக்கும் அவன் கைப்பொருளுக்கும் உள்ள இந்த எளிய உறவைத் தலைகீழாக்கும் வழக்கம் ஒன்று ஐக்கிய அமெரிக்காவிலே வேரூன்றியிருக்கிறது. புத்தம் புதிய காரை முழு விலை கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு கொட்டகையில் விட்டுப் பூட்டுகிறார்கள். இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் அதனை ஓட்டாமலே வைத்திருக்கிறார்கள். பணம் மிகுந்தவனின் பைத்தியம் என்று சிரித்துவிட்டு அப்பாற் போகிற நண்பர்கள் உளர். நாம் அப்படிப் போவதற்கில்லை. இது பைத்தியமன்று; கணக்கு. அந்தக் கணக்கைச் சற்றே விரித்துப் பார்க்க வேண்டும்.

1978-ஆம் ஆண்டு இன்டியானாபொலிஸ் மோட்டார்ப் பந்தயத்தில் முன்னோடி வண்டியாக ஷெவ்ரலெட் கோர்வெற் தெரிவாயிற்று. கோர்வெற் வண்டிக்கு அது இருபத்தைந்தாம் ஆண்டு. மேலே கறுப்பும் கீழே வெள்ளியும் பூசி, நடுவே சிவப்புக் கோடிட்டு, பந்தய வண்டியின் பிரதிகளைக் கம்பனி விற்பனைக்கு விட்டது. முதலிலே சில நூறு வண்டிகள் போதுமென்றிருந்தவர்கள், பின்னர் நாடெங்குமுள்ள முகவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாவது கிடைக்கவேண்டுமென்று தீர்மானித்து 6,502 வண்டிகளைச் செய்து தள்ளினார்கள். சாதாரண கோர்வெற்றின் விலை 9,352 டொலர். இதற்கு 13,653 டொலர். அவ்வாண்டு மார்ச்சில் வோல் ஸ்ட்றீற் ஜேணல் என்ற முதலாளிகளின் நாளேடு தன் முதற் பக்கத்திலேயே இவ்வண்டியைப் பற்றி எழுதிற்று. அவ்வளவுதான். பங்குச் சந்தையில் மோதுகிற கூட்டம் கார்க்கடை வாசலில் வந்து மோதியது. குறித்த விலையின் இரட்டிப்பைக் கேட்ட முகவர்களும் உண்டு, கொடுத்தவர்களும் உண்டு. வாங்கியவரிற் பலர் ஓட்டுவதற்காக வாங்கவில்லை. ஆசனத்தின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல், விலைச்சீட்டைக் கண்ணாடியிலிருந்து அகற்றாமல், கதவடைத்து வைத்தார்கள்.

ஒவ்வொரு பண்டத்துக்கும் இரண்டு முகங்கள் உண்டென்று மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதல் அத்தியாயத்திலேயே விளக்கினார்: ஒன்று பயன், மற்றது விலைக்கு மாறும் பெறுமதி. வகுப்பறையில் இதனைக் கற்பிக்க முயன்ற ஆசிரியர்களுக்குத் தெரியும், மாணவன் முகத்திலே தெளிவு தோன்ற எத்தனை உதாரணங்கள் வேண்டுமென்று. இதோ, ஓர் உதாரணம் கொட்டகைக்குள்ளேயே நிற்கிறது. காரின் பயன், அது மனிதரை ஏற்றி ஓடுவது. இங்கோ, ஓடிய ஒவ்வொரு மைலும் விலையைக் குறைக்கிறது. மைல்காட்டியிற் பூச்சியத்துக்கு மிக அண்மையில் நிற்பதே அதி உயர்ந்த விலைக்குரியது. பயனைக் கொன்றாலன்றி விலை வாழாது என்ற நிலை. உடைமையாளனுக்கும் இதில் வெற்றியில்லை. தன் வண்டியில் ஏறித் தன் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிச்செல்ல அஞ்சுகிறவன் அந்த வண்டியின் சொந்தக்காரனா, காவற்காரனா? புதையல் காத்த பூதத்தின் கதையை நம் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள். பூதத்துக்கு அப்புதையலிலே ஒரு காசும் உதவியதில்லை.

“அவன் பணம், அவன் வண்டி, உமக்கென்ன?” என்று கேட்பார்கள். நமக்கு உண்டு. செயின்ற் லூயிஸ் நகரத் தொழிற்சாலையிலே, நகர்ந்துகொண்டிருக்கும் வரிசைக்கு ஈடுகொடுத்து, கண்ணாடி இழையாலான உடலைச் சட்டத்திற் பொருத்தியவன் அதனை ஓடுமென்றுதான் பொருத்தினான். அவனுடைய நாளிலே ஒரு பகுதி, அவன் முதுகு வலியிலே ஒரு பகுதி அந்த வண்டிக்குள் இருக்கிறது. அதைக் கூலி கொடுத்து வாங்கினோம் என்பது முதலாளியின் நியாயம். ஆனால், அவ்வுழைப்பு எவருக்கும் பயன்படாமல் இருட்டிலே கிடக்கிறதே, அதற்கு எந்தச் சட்டத்திலே நியாயம் தேடுவது? அந்தத் தொழிற்சாலையில் கோர்வெற் வேலை 1981-ஆம் ஆண்டு நின்று, கெந்தக்கி மாநிலத்துக்குப் போய்விட்டது. வேலை போயிற்று, வண்டி இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

கணக்காவது பலித்ததா? எல்லாரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்! 1978-இல் ஒரு டொலர் வாங்கியதை வாங்க இன்று ஏறத்தாழ ஐந்து டொலர் வேண்டும். அந்த அளவிலே பார்த்தால், அவ்வண்டியின் அன்றைய கடைவிலைக்கு ஈடாக இன்று அறுபதினாயிரம் டொலருக்கு மேலே கிடைத்தாக வேண்டும். ஓடாமற் காத்த வண்டிகளிற் பல அதனை எட்டுவதில்லை. இரு வருடங்களுக்கு முன்னர் கடிலாக் வண்டியிலும் இதே நாடகம் நடந்தது. கூரை மடக்கும் எல்டொராடோவை இனிச் செய்வதில்லை, 1976-ஆம் ஆண்டு வண்டியே கடைசி என்று சொல்லி, அவ்வாண்டு 14,000 வண்டிகளை விற்றார்கள். கடைசி இருநூறுக்கு வெள்ளை வர்ணம், குடியரசின் இருநூறாம் ஆண்டு என்ற தேசபக்திப் பூச்சு வேறு. வாங்கி ஒளித்தவர் அநேகர். 1984-இல் அதே கம்பனி அதே வகை வண்டியை மீண்டும் கடைக்குக் கொண்டுவந்தது! ஏமாந்தோம் என்று வழக்காடப் போனார்கள். அவர்களுக்காகக் கண்ணீர் விட நமக்கு நேரமில்லை. ஆனால், ‘கடைசி’ என்ற சொல்லும் முதலாளியின் பட்டறையிலே வார்க்கப்படும் ஒரு சரக்கே என்பதை மறவாதிருப்போம்.

பணத்தை விடுங்கள், வண்டியாவது தப்புமா என்றால், இயந்திரம் ஓட்டத்தாலேயே உயிர்வாழும் பொருள். நின்ற பெற்றோல் பிசினாகி நுண்ணிய துவாரங்களை அடைக்கிறது. பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே உலோகத்தை அரிக்கிறது. ஓடாத எஞ்சினிலே எண்ணெய்ப் படலம் வடிந்து இறங்க, வெறும் சுவரிலே துரு ஏறுகிறது. றப்பர் வெடிக்கிறது, ரயர் ஒரே பக்கம் அமுங்கித் தட்டையாகிறது, எலி கம்பியை நறுக்குகிறது. முப்பது வருடத்தின் பின் அதனை உயிர்ப்பிக்க விரும்புகிறவன் இவற்றையெல்லாம் மாற்றியாக வேண்டும். மாற்றினாலோ ‘தொடப்படாதது’ என்ற பெருமை போயிற்று. ஆகவே, மாற்றாமல் அடுத்தவனுக்கு விற்கிறான், அவனும் ஓட்டுவதில்லை.

நம் நாட்டிலும் கார் சேமிப்பாக மாறியதை அண்மையிலே கண்டோம். அந்நியச் செலாவணி வற்றி, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடைக்காலத்திலே, ஓடித் தேய்ந்த கார் வாங்கிய விலையிலும் அதிக விலைக்குப் போயிற்று. ஆனால் அது வறுமை பெற்ற பிள்ளை. அமெரிக்கக் கொட்டகையில் நிற்பதோ மிகுதி பெற்ற பிள்ளை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நேர்மையாகாது.

இனி, எதிரிகளின் கடைசி அரண்: “இவர்கள் வரலாற்றைக் காக்கிறார்கள்” என்பது. நல்லது, ஒரு நகரமே அவ்விதம் காத்த கதையைப் பார்ப்போம்.

ஒக்லஹோமா மாநிலம் அமைந்து ஐம்பது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட, துல்சா நகரத்தார் 1957 ஜூன் 15-ஆம் நாள் புதிய பிளிமத் பெல்வெடியர் கார் ஒன்றை நீதிமன்ற முற்றத்தில், கொங்கிறீற் அறைக்குள் இறக்கிப் புதைத்தார்கள். அணுகுண்டுக்கும் தாங்கும் அறை என்று பெருமை பேசினார்கள். 2007-இல் பெற்றோல் வழக்கொழிந்திருக்கலாமென்று பத்துக் கலன் பெற்றோலும் கூடவே வைத்தார்கள்; பியர்ப் பெட்டி ஒன்றும் மறக்கவில்லை. 2007-இல் நகரின் சனத்தொகை எவ்வளவாயிருக்கும் என்பதை மிகக் கிட்டச் சொன்னவருக்கே கார். சொன்னவர் 1979-இலேயே இறந்துபோனார். ஐம்பதாண்டு கழித்துத் திறந்தபோது அறைக்குள் நீர் புகுந்திருந்தது. கார் துருவும் சேறுமாக, ஆசனங்கள் உக்கிக் கிடந்தது. பெற்றோல் மாத்திரம் உலகில் தாராளமாக இருந்தது.

அதே துல்சாவிலே, 1921 மே 31-இலும் மறுநாளும், கறுப்பின மக்கள் தம் கையுழைப்பால் எழுப்பிய கிறீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் கொளுத்திற்று. முப்பத்தைந்து வீதித் தொகுதிகள் சாம்பலாயின. எத்தனைபேர் மாண்டனர் என்பதற்கு இன்றுவரை உறுதியான தொகை இல்லை. பள்ளிப் புத்தகங்கள் பல பத்தாண்டுகளாக வாய் திறக்கவில்லை. மாநில சட்டசபை நியமித்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது 2001-இல். பெயரறியாப் புதைகுழிகளை ஓக்லோன் மயானத்திலே தோண்டத் தொடங்கியது 2020-இல். எதிர்கால மனிதருக்காகப் பியரும் பெற்றோலும் பத்திரப்படுத்திய நகரப் பிரமுகர்கள், அந்த எதிர்கால மனிதர் அறியவேண்டிய செய்தியை முப்பத்தாறு வருடமாக விழுங்கிக்கொண்டு அந்தக் குழியைச் சுற்றி நின்றார்கள்! வரலாற்றைக் காக்கிறோம் என்ற சொல்லை இவர்கள் வாயிலிருந்து நாம் ஏற்பதற்கில்லை.

1998-இல் துல்சாவார் மற்றொரு புதிய வண்டியையும் பெட்டகத்தில் வைத்து மூடினார்கள், அதுவும் பிளிமத்தே. 2048-இல் திறப்பார்களாம். அந்தப் பெயரிலே கார் செய்வதைக் கம்பனி 2001-இல் நிறுத்திவிட்டது.