வீதியில் சமவுரிமை, வீட்டில் அடிஉதையா?

2007 நவம்பர் 25இல் இண்ட்ராப் அழைப்பை ஏற்று, நம்மவர் ஆயிரக்கணக்கில் கோலாலம்பூரில் திரண்டனர். கண்ணீர்ப்புகையைத் தாங்கிச் சமவுரிமை கேட்டனர். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்க ஐ.நா. மன்றம் 1999இல் அறிவித்த நாளும் அதே நவம்பர் 25தான். முன்னதைப் போற்றும் நம்மில் எத்தனை பேர் பின்னதை அறிவோம்?

"வெளியே சொன்னால் மற்ற இனத்தார் சிரிப்பார்கள்" என்று அடிபட்டவளின் வாயை அடைக்கிறோம். இனமானத்தைக் காக்க அவள் ஒருத்தி மட்டும் அடிபட வேண்டும் என்பது எந்த ஊர் நீதி?

மறுபுறம், 2009இல் குகன் தடுப்புக் காவலில் மாண்டதை மறவாதவள் காவல் நிலையப் படியேறவே அஞ்சுகிறாள். இன அநீதியும் அடிப்பவனுக்கே துணைபோகிறது! எனவே, 'முதலில் இனச் சிக்கல், பெண் சிக்கல் பிறகு' என்பது வெறும் ஏமாற்று.

1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா இனத்தாருக்கும் உரியது. 2017இல் செய்த திருத்தத்தின்படி, சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். உதவி எண் 15999. இதைப் பெற்றோர் கூட்டங்களில் சொல்ல நமக்கென்ன தயக்கம்?

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே! தாய் அடிபடுவதைக் கண்டு வளரும் பிள்ளை, வலியவன் மெலியவரை மிதிப்பதே இயல்பு என்று கற்கிறது. அதனிடம் சமவுரிமை பேசிப் பயனென்ன? நாட்டிடம் கேட்கும் நீதியை வீட்டிலும் வழங்குவோம்!