மலைப் பள்ளிகளுக்குச் சிறு வகுப்பறை நிதி: எங்கள் நிலைப்பாடு

தேவிகுளம் தாலுகாவிலுள்ள அரசுப் பள்ளிகளில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை தரப்பட வேண்டும். அந்த வகுப்பின் ஆசிரியரே முடிவெடுத்து அதைச் செலவிட வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே அது கைக்கு வர வேண்டும். தமிழ்வழி வகுப்புகளுக்கும் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கும் முதலில் போய்ச் சேர வேண்டும். வகுப்புக்கு ஐயாயிரம் ரூபாய் என்று தொடங்கலாம். மூணாறு வட்டாரத்தின் ஆசிரியர்களும் தோட்டத் தொழிலாளர் பெற்றோரும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்.

கேரள அரசு பள்ளிகளுக்குச் செலவழிக்கவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பொதுக் கல்விப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கிய பிறகு, மாநில அரசின் கிஃப்பி கட்டமைப்பு நிதியில் ஐந்து கோடி, மூன்று கோடி, ஒரு கோடி என்று பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளுக்கு மாநில அரசின் கைட் நிறுவனம் கணினியும் புரொஜெக்டரும் கொடுத்தது. இவற்றை மனமார வரவேற்கிறோம். ஆனால் தேயிலைத் தோட்டத்து எல்.பி. பள்ளியில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியரின் தேவை கோடிகளில் அளக்கப்படுவதில்லை. அது சில ஆயிரங்களில் அடங்கிவிடுகிறது. அந்தச் சில ஆயிரம் கிடைப்பதுதான் அவருக்குக் கடினமாக இருக்கிறது.

இன்றைய கணக்கைப் பாருங்கள். சமக்ர சிக்ஷா திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், நூறு பேர் வரை 25,000 ரூபாய். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். கரண்ட் பில், தண்ணீர்க் குழாய், உடைந்த சன்னல் எல்லாம் மீதியில்தான். நூலகத்துக்கு என்று தொடக்கப் பள்ளிக்குத் தனியே 5,000 ரூபாய் உண்டு. சமவெளியில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கும், ஜீப் மட்டுமே ஏறும் எஸ்டேட் பள்ளிக்கும் இதே அளவுகோல்தான். மலையில் ஒரு பீரோவை வாங்கும் விலையோடு அதை மேலே ஏற்றும் வாடகையும் சேர்கிறது. ஓய்வு பெறும் தொழிலாளி லயத்து வீட்டைக் காலி செய்கிறார். பிள்ளைகளில் சிலர் டவுனில் உள்ள ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போகிறார்கள், சிலர் போடிக்கும் தேனிக்கும் இறங்கிவிடுகிறார்கள். எண்ணிக்கை குறையும்போது மானியமும் குறைகிறது. ஆனால் நூறு பேருக்கும் முப்பது பேருக்கும் தேவைப்படும் உலக வரைபடம் ஒன்றுதான். தலையை எண்ணித் தரும் மானியம் மலைப் பள்ளிகளுக்கு நியாயம் செய்வதில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

நாங்கள் கேட்பது புதிய விஷயமும் அல்ல. 1990-களில் டி.பி.இ.பி. என்ற மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் இடுக்கிக்கும் பாலக்காட்டுக்கும் வந்தபோது, கற்பித்தல் பொருள்கள் செய்துகொள்ள ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. சர்வ சிக்ஷா அபியானும் அதைத் தொடர்ந்தது. அட்டையும் பசையும் புளியங்கொட்டையும் கொண்டு வகுப்பறைகள் நிறைந்த காலம் அது. 2018-ல் சமக்ர சிக்ஷா வந்தபோது, தனித்தனியாக இருந்த மானியங்கள் பள்ளி மானியம் என்ற ஒரே தலைப்பில் சேர்க்கப்பட்டன. நிர்வாகத்துக்கு அது எளிதாக இருந்திருக்கலாம். ஆனால் கூரை ஒழுகலும் கதைப் புத்தகமும் ஒரே பணத்துக்குப் போட்டியிட்டால் ஒழுகும் கூரைதான் ஜெயிக்கும். எந்தத் தலைமையாசிரியரும் வேறு முடிவு எடுக்க முடியாது.

சிறு தொகை கொடுத்துவிட்டால் கல்வி தானாக வளர்ந்துவிடும் என்றும் நாங்கள் நம்பவில்லை. இதைப் பற்றித் தென்னிந்தியாவிலேயே கவனமான ஆய்வு நடந்திருக்கிறது. ஜிஷ்ணு தாஸ், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆந்திரப் பிரதேசத்தில் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த அரசுப் பள்ளிகளுக்கு மாணவர் ஒருவருக்கு 125 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். முதலாண்டில் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பலன் தெரியவில்லை. பள்ளியே நோட்டும் பென்சிலும் தரப்போகிறது என்று தெரிந்ததும், பெற்றோர் தாங்கள் செய்துவந்த செலவைக் குறைத்துக்கொண்டதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். பெற்றோரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. கொழுந்து பறித்து வரும் கூலியில் குடும்பம் நடத்தும் தாய், மிச்சமான பணத்தை மருந்துக்கோ அரிசிக்கோ திருப்புவது நியாயம்தான்.

இந்த ஆய்விலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் தெளிவானது. எந்த வீடும் வாங்காத, வாங்க முடியாத பொருளுக்கு வகுப்பறை நிதி போக வேண்டும். நோட்டு, பென்சில், சீருடை அதில் வரக் கூடாது.

அப்படியானால் எதற்கு? முதலில் தமிழ்ப் புத்தகங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு சொல்கிறது. பாடநூல் தமிழில் வருகிறது. ஆனால் பாடநூலைத் தாண்டிய சார்ட், கதை நூல், பயிற்சித் தாள் ஆகியவற்றில் பெரும்பகுதி மலையாளத்தில்தான். ஆசிரியர் இரவில் உட்கார்ந்து மொழிபெயர்த்து, சொந்தக் காசில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறார். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் தமிழ்ச் சிறுவர் நூல்கள் மலிவானவை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலுள்ள தமிழ்க் கதைகளை எவரும் அச்சிட்டுக்கொள்ள உரிமை உண்டு. ஐயாயிரம் ரூபாயில் ஒரு வகுப்புக்குச் சிறு நூலகமே அமைந்துவிடும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் வைக்க ஒரு மூடிய அலமாரியும் வேண்டும்.

இடமலைக்குடியை இங்கே நினைவுபடுத்துகிறோம். முதுவான் மக்கள் வாழும் அது 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தானது. அங்கே இருப்புக்கல்லுக்குடியில் பி.வி. சின்னத்தம்பி தன் டீக்கடையில் 160 புத்தகங்களோடு நூலகம் நடத்தியதை 2014-ல் பி. சாய்நாத் எழுதினார். சேர 25 ரூபாய், மாதம் இரண்டு ரூபாய். சிலப்பதிகாரத்தின் மலையாள வடிவம்கூட அந்தக் காட்டுக்குள் கைமாறியது. முதுவான் பிள்ளைகளின் பேச்சு தமிழுக்கு நெருங்கியது. அவர்களுடைய மொழியிலிருந்து தொடங்கி மலையாளம் கற்பிக்க சமக்ர சிக்ஷா கேரளம் பின்னர் ‘படிப்புறசி’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. வெளியிலிருந்து வரும் எந்தத் திட்டமும் வேர்பிடிக்க, அங்கேயே இருக்கும் ஓர் ஆசிரியரின் கையில் கொஞ்சம் பணம் வேண்டும்.

இரண்டாவது, ஊரையே பாடமாக்குவது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940 முதல் இயங்குகிறது. மின்சாரத்தைப் பற்றிப் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்க்க ஜீப் வாடகை மட்டும் போதும். இரவிகுளத்து வரையாட்டைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் எங்கிருந்தோ வருகிறார்கள். கீழே லயத்தில் வளரும் பிள்ளை அதைப் பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடிக்கலாகாது. குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். அதற்குள் பள்ளிகள் அதைக் கவனித்து எழுதி வைக்கப் பழகலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மழைமானி வேண்டும் என்று கேட்கிறோம். 1924 வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையே இல்லாமல் செய்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து எழுபது பேரை இழந்தோம். அவர்களில் நம் பள்ளிகளில் படித்த குழந்தைகளும் இருந்தார்கள். மழையைத் தினமும் அளந்து, பலகையில் எழுதி, இவ்வளவு பெய்தால் கவனமாக இருக்க வேண்டும் என்று வீட்டுக்குச் சொல்லும் பிள்ளைகள் ஒவ்வொரு எஸ்டேட் டிவிஷனிலும் இருக்க வேண்டும். கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றுப்படுகையில் மாணவர்களும் ஊர்மக்களும் இப்படி மழை அளந்து வருகிறார்கள். சில நூறு ரூபாய்க் கருவியில் கணக்கும் அறிவியலும் உயிர்காப்பும் சேர்ந்து நடக்கின்றன.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் பதில் சொல்கிறோம். பிஎம் ஸ்ரீ என்ற மத்தியப் பள்ளித் திட்டத்தில் சேராத காரணத்தால் மத்திய அரசு கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்தி வைத்ததை நாம் பார்த்தோம். பிள்ளைகளின் பணத்தை அரசியல் பேரத்துக்குப் பிணை வைப்பது தவறு. தில்லியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதையும் அது காட்டிவிட்டது. கேரளத்தில் எல்.பி., யு.பி. அரசுப் பள்ளிகள் 1990-களின் நடுவிலிருந்து கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் இருக்கின்றன. மூணாறு, தேவிகுளம், வட்டவடை, மறையூர், காந்தளூர், இடமலைக்குடி பஞ்சாயத்துகள் தங்கள் திட்ட நிதியிலேயே இதை ஒதுக்க முடியும்.

நன்கொடையாளர்கள் வந்தால் மகிழ்ச்சி. 1958-ல் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறையை நடத்திய காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. மக்கள் தங்களால் முடிந்ததைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். அந்த மரபு நம்முடையது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பொருளைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பதை ஏற்க மாட்டோம். என்ன தேவை என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டும், கொடுப்பவர் கேட்க வேண்டும்.

கணக்கு காட்டுவதில் எங்களுக்குத் தயக்கமில்லை. எது வாங்கினோம், என்ன விலை, பிள்ளைகள் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று ஒரே தாளில் எழுதி, வகுப்பு பி.டி.ஏ. கூட்டத்தில் தமிழில் உரக்கப் படித்தால் போதும். அதற்கு மேல் படிவங்கள் கேட்டால் ஆசிரியர்கள் பணத்தைத் தொடவே பயப்படுவார்கள்.

இந்த நிதியைக் காட்டி ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஆசிரியரே இல்லாத வகுப்பில் அலமாரி நிறையப் புத்தகம் இருந்தும் பயனில்லை. காலியிடங்களைத் தமிழ் தெரிந்த ஆசிரியர்களால் நிரப்பும் கோரிக்கையை நாங்கள் கைவிடவில்லை.

அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான கிராமசபைகள் கூடும்போது, இந்த வட்டாரத்துப் பெற்றோர் ஒவ்வொருவரும் எழுந்து, நம் பள்ளியின் ஒவ்வொரு வகுப்புக்கும் ஐயாயிரம் ரூபாய், ஜூன் மாதத்திலேயே, என்று கேளுங்கள். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும் வரை கூட்டத்தை விட்டு எழாதீர்கள்.