புட்டியில் இல்லை ருசி!

காண்டன் நகரத்துச் சீனச் சமையலில் பெயர் போனது, சிப்பி சாஸ் ஊற்றி வதக்கிய மாட்டிறைச்சி. இதை வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் முதலில் ஓடுவது சாஸ் கடைக்கு! விலை உயர்ந்த புட்டி வந்துவிட்டால் ஓட்டல் ருசி வந்துவிடுமாம். சாஸ் நல்ல சரக்குதான். 1888-ல் லீ கும் ஷியுங் என்பவர் சிப்பியை அடுப்பில் வைத்து மறந்ததால் பிறந்தது என்பார்கள். ஆனால், ருசி இருப்பது கத்தியிலும் நெருப்பிலும்.

நார் ஓடும் பக்கத்துக்குக் குறுக்கே, மெல்லிய வில்லைகளாக நறுக்க வேண்டும். நாரோடு சேர்த்து நறுக்கினால் செருப்புத் தோல்தான்! சோயா சாஸ், சோளமாவு, கொஞ்சம் தண்ணீர், எண்ணெய் விட்டுப் பிசறி அரை மணி நேரம் வைத்தால் இறைச்சி மெத்தென்று இருக்கும். சாஸும் மாவில் ஒட்டிக்கொள்ளும்.

காண்டன் ஓட்டல் அடுப்பு கொல்லன் உலைபோலச் சீறும். வீட்டு அடுப்புக்கு அந்தச் சக்தி ஏது? அரைக் கிலோவையும் ஒரேயடியாகக் கொட்டினால் வாணலி குளிர்ந்துவிடும். இறைச்சி தண்ணீர் விட்டு வேகுமே தவிர, வறுபடாது. காசு கொடுத்து வாங்கிய இறைச்சி பாழ்! வாணலி புகையும்போது இரண்டு கைப்பிடி மட்டும் போட்டு, சிவந்ததும் எடுத்துவிட்டு, அடுத்ததைப் போடவேண்டும். நாலு தடவை ஆனால்தான் என்ன?

இஞ்சி, பூண்டு வதங்கியபின், எல்லா இறைச்சியும் திரும்ப வாணலிக்கு வரும். சாஸ் அப்போதுதான். இரண்டு மேஜைக்கரண்டி போதும்.