ராமானுஜன் விட்ட ஒரு எண்

போன வாரம் செங்கல்பட்டில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் கணக்குத் தாளை ஒளித்து வைத்திருந்தாள். 60-இன் காரணிகளை எழுதும் கேள்வியில் 11 காரணிகளை எழுதி, 15-ஐ விட்டுவிட்டாள். ஒரு மதிப்பெண் போனது பெரிதில்லை. “எனக்குக் கணக்கே வராது அத்தை” என்று அவள் முடிவு கட்டியதுதான் மனதை உறுத்தியது.

மறுநாள் ஞாயிறு. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். கரையில் மீனைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“23 மீன் இருந்தா எத்தனை பேருக்குச் சமமா பிரிக்கலாம்?” என்றேன்.

“23 பேருக்குத்தான். இல்லேன்னா ஒருத்தரே எடுத்துக்கணும்!”

“24 இருந்தா?”

விரல்விட்டு எண்ணினாள். “2, 3, 4, 6, 8, 12... நிறைய பேருக்கு அத்தை!”

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் சில உண்டு. 12, 24, 60 எல்லாம் அந்த ரகம். டஜனும், நாளின் 24 மணியும், மணிக்கு 60 நிமிடமும் பங்கு போட வசதியாக இருப்பது அதனால்தான்.

இந்த எண்களை ஆழமாக ஆராய்ந்தவர் நம் கும்பகோணத்து ராமானுஜன். கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1915-இல் வெளியான கட்டுரையில் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு 10,080 காரணிகள்!

ஆனால் நடுவில் ஒரு எண் விட்டுப்போயிற்று: 293318625600. அதற்கு 5,040 காரணிகள். வேடிக்கை என்ன தெரியுமா? விட்டுப்போன இந்த எண்ணை 23-ஆல் பெருக்கினால், பட்டியலின் கடைசி எண்ணே வருகிறது. கைப்பேசியில் பெருக்கிப் பாருங்கள்.

“அவருக்கும் மார்க் குறைச்சாங்களா அத்தை?”

“இல்லடி. அந்த ஆராய்ச்சிக்காக 1916-இல் பி.ஏ. பட்டம் கொடுத்தாங்க.”

அவ்வளவு காரணிகளை ஒவ்வொன்றாகவா எண்ண முடியும்? அதற்கு ஒரு சுலப வழி உண்டு. எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்க வேண்டும். 60 என்பது 2×2×3×5. இதில் 2 இரண்டு முறை, 3 ஒரு முறை, 5 ஒரு முறை வருகின்றன. அந்த எண்ணிக்கை ஒவ்வொன்றுடனும் 1 கூட்டிப் பெருக்கினால் 3×2×2 = 12. ஆக, 60-க்கு 12 காரணிகள் இருந்தே தீர வேண்டும்.

ஈர மணலில் விரலால் எழுதிப் பார்த்தவள் நிமிர்ந்தாள். “இது தெரிஞ்சிருந்தா, 11 எழுதினதும் இன்னொண்ணு எங்கேன்னு தேடியிருப்பேனே!”

அதேதான். ஒன்று விட்டுப்போவது கணக்கு வராததன் அடையாளம் இல்லை. விட்டதைத் தேடத் தெரிந்தால் போதும்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளே கேட்டாள்: “360-க்கு எத்தனை காரணி, சொல்லு பார்ப்போம் அத்தை?”

நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.