மணிக்கட்டில் ஒரு கங்காணி

மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். "ப்ரோ, எந்த ஃபிட்னஸ் பேண்ட் வாங்கலாம்?" பதினாலு மாதமாக நான் ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு அலைவதால் வந்த வினை. கேட்பவர்கள் எதிர்பார்ப்பது ஒரு வரி பதில். பேட்டரி எத்தனை நாள் நிற்கும், வெயிலில் திரை தெரியுமா, வேர்வையில் அரிக்குமா, இரண்டாயிரத்துக்குள் எது தேறும். இதற்கெல்லாம் யூடியூபில் ஆள் இருக்கிறது. டப்பாவைப் பிரிக்கும் சத்தத்தையே மூன்று நிமிடம் கேட்க வைக்கும் மகான்கள் அங்கே உண்டு. அவர்கள் கேட்காத கேள்விகள் இரண்டு. இது எதை அளக்கிறது? யாரை மனதில் வைத்து இதைச் செய்தார்கள்? முதலாவதை நானே சோதித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டாவதை என் அம்மாதான் கேட்டார்.

பேண்ட் என்றால் கால்சட்டையா என்று அம்மா கேட்ட நாளிலிருந்து நான் இதைப் பட்டை என்றே சொல்கிறேன். (பட்டை என்றதும் நாமம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.)

முதலில் வாங்கியது மலிவான ஒன்று. வாங்கிய அன்றே சமையலறையில் கிடந்த வாழைக்காயில் கட்டிப் பார்த்தேன். இதயத்துடிப்பு எண்பத்து நாலு. ஆக்சிஜன் தொண்ணூற்றேழு. என்னைவிட ஆரோக்கியமான வாழைக்காய். சிரித்து முடித்த பிறகு ஏன் என்று பார்த்தால் விஷயம் எளிது. பட்டையின் அடியில் பச்சை விளக்கு எரிகிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுவதுதான் வேலை. ஒளி எதன்மீது பட்டும் திரும்பி வரும். அதில் துடிப்பு இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கும் மென்பொருள். யோக்கியமான மென்பொருள் 'தெரியவில்லை' என்று கோடு போட்டுக் காட்டும். மற்றது உங்கள் மனம் கோணக்கூடாதே என்று ஏதாவது ஓர் எண்ணைத் தரும். வாங்குவதற்கு முன் கடையில் ஒரு தண்ணீர் பாட்டிலில் சுற்றிப் பாருங்கள். எந்த விமர்சன வீடியோவையும்விட அது அதிகம் சொல்லும்.

இரண்டாவதாக வாங்கியது கொஞ்சம் விலை கூடியது. சும்மா சொல்லக்கூடாது, உட்கார்ந்திருக்கும்போது சரியாகவே சொல்கிறது. கழுத்தில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தால் இரண்டு மூன்று துடிப்புதான் வித்தியாசம். சிக்கல் உடற்பயிற்சியில், அதாவது எதற்காக வாங்கினோமோ அதில். டம்பெல்லை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டுத் தசை முறுக்கிக்கொள்கிறது, பட்டை நகர்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது திரையில் தொண்ணூற்றைந்து நிற்கிறது. செட் முடிந்து மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு நிதானமாக ஏறுகிறது. ஓடும்போது வேறு வேடிக்கை: நிமிடத்துக்கு நூற்று அறுபது எட்டு வைத்தால், கை ஆடும் அந்தத் தாளத்தையே இதயத்துடிப்பு என்று பிடித்துக்கொண்டுவிடும். நெஞ்சில் கட்டும் பட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது இதயத்தின் மின்சாரத்தைக் கேட்கிறது. துடிப்பைப் பார்த்துப் பயிற்சி செய்பவர்கள் அதை வாங்குங்கள். நான் ஒரு வரியில் தரக்கூடிய பதில் இது ஒன்றுதான்.

பட்டை காட்டும் 'கொழுப்பு எரியும் மண்டலம்', 'உச்ச மண்டலம்' போன்ற வண்ணக் கோடுகளுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு. எனக்கு 31, ஆக 189. 1970களிலிருந்து புழங்கும் இந்தச் சூத்திரத்தின் வேரைத் தேடிப் போன ராபர்க்ஸ், லாண்ட்வேர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இதற்குப் பின்னால் முறையான மூல ஆய்வு என்று ஒன்று இல்லை என்று 2002இல் எழுதினார்கள். ஒரே வயதுள்ள இருவருக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம் சர்வசாதாரணம். இருந்தும் பல கருவிகளில் அதுவே உங்கள் மண்டலங்களை வகுக்கிறது.

கலோரிக் கணக்கோ சுத்தமான கற்பனை இலக்கியம். ஸ்டான்ஃபோர்டில் 60 பேருக்கு ஏழு கருவிகளைக் கட்டிப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழில் ஆறு இதயத்துடிப்பை ஐந்து சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. செலவான ஆற்றலை ஒன்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை. இருப்பதில் நல்ல கருவிக்கே சராசரிப் பிழை 27 சதவீதம். மோசமானதற்கு 93. 'முந்நூறு கலோரி எரித்துவிட்டாய்' என்று அது வாணவேடிக்கை காட்டிய மாலைகளில் நான் எத்தனை பரோட்டாவை நியாயப்படுத்தியிருக்கிறேன் என்பது எனக்கும் கடைக்காரருக்கும் மட்டுமே தெரியும். இது என் ஒருவனின் பலவீனம் என்று நினைத்திருந்தேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எடை குறைக்க முயன்ற 471 இளைஞர்களை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 2016இல் வந்த முடிவின்படி, மேல்கையில் கருவி கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள். கருவி இல்லாமல் தாங்களே கணக்கு எழுதியவர்கள் 5.9 கிலோ. காரணம் பரோட்டாதான் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அது என் யூகம்.

தூக்கக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விழித்தபடி அசையாமல் படுத்திருந்தால் அதற்கு நீங்கள் தூங்குகிறீர்கள். நல்ல தூக்க மதிப்பெண் வாங்க வேண்டுமே என்ற கவலையிலேயே தூக்கம் கெட்டவர்களுக்கு மருத்துவர்கள் 'ஆர்த்தோசோம்னியா' என்று 2017இல் பெயர் வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் கருவியின் குறை என்று மன்னித்துவிடலாம். அடுத்த வருடம் சரிசெய்வார்கள். பத்தாயிரம் அடி விஷயம் அப்படி இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965இல், யமாசா என்ற ஜப்பானியக் கடிகாரக் கம்பெனி இடுப்பில் மாட்டும் ஓர் அடி எண்ணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'மன்போ-கெய்'. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். ஒரு சரக்கின் பெயர்தான் இன்று உலகம் முழுக்க ஆரோக்கியத்தின் பாஸ் மார்க். ஐ-மின் லீ என்ற ஹார்வர்ட் ஆய்வாளரின் குழு 16,741 வயதான அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2019இல் எழுதியது: நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு, 7,500 அடி வாக்கில் அந்தப் பலன் மேலே ஏறாமல் நின்றுவிடுகிறது. அவர்களின் சராசரி வயது 72. எல்லா வயதுக்கும் இதுவே கணக்கு என்று சொல்ல வரவில்லை. ஆனால் பத்தாயிரத்தில் எந்த மந்திரமும் இல்லை.

இது தெரிந்த பிறகும்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அம்மாவுக்கு 54 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். மேஜைமுன் நின்றபடி துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை கறை கண்டு, பிசிறு வெட்டி அடுக்க வேண்டும். காலை எட்டரைக்கு நின்றால் ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி ஒன்பது நெருங்கிவிடும். போன தீபாவளிக்கு அம்மாவுக்கும் ஒரு பட்டை வாங்கிக் கொடுத்தேன். கோயம்புத்தூரில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் என் போனில் அவர் அடிக்கணக்கு தெரிகிற மாதிரி செயலியில் இணைத்தும் வைத்தேன். அக்கறைதான். வேறென்ன?

முதல் நாள் கணக்கு 2,312. இரண்டாம் நாள் அதைவிடக் குறைவு. மணிக்கொரு தரம் பட்டை அதிர்ந்து, எழுந்து நடக்கச் சொல்லி ஒரு பொம்மையைக் காட்டியிருக்கிறது. நின்றுகொண்டிருப்பவரைப் பார்த்து எழுந்திரு என்கிறது. அன்றிரவு போனில் அம்மா கேட்டார்: "ஏங் கண்ணு, நானு சும்மா உக்கோந்திருக்கறேன்னா சொல்லுது இது?"

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "கணக்குன்னா கணக்குதானம்மா, கொஞ்சம் நடங்க" என்றேன். அம்மா நடந்தார். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து, சோறு வைத்துவிட்டு, மொட்டை மாடியில். என் போனில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறாயிரத்தில் நின்றுவிட்டால் கூப்பிட்டு, "இன்னும் கொஞ்சந்தாம்மா" என்பேன். செக்கிங் செக்‌ஷனில் மணிக்கு எத்தனை பீஸ் முடிந்தது என்று போர்டில் எழுதிப்போடும் சூப்பர்வைசர் ஒருவர் இருக்கிறார். இருபது வருடமாக அம்மா அவர்களில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு ஒருவரை நான் அனுப்பிவைத்தேன்.

ஐந்தாவது வாரம் காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் கால் ஊன்ற முடியவில்லை. குதிகால் வலி. மூன்று நாள் சம்பளம் போயிற்று. மருத்துவர் முதலில் கேட்டது என்ன வேலை என்றுதான். அடுத்து, "நாள் பூரா நிக்கறவங்க ராத்திரில எதுக்கும்மா நடந்தீங்க?" என்றார். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "சும்மாதானுங்க" என்றார்.

மணிக்கட்டில் இருக்கும் சில்லுக்குத் தெரிவது கை ஆடுவது மட்டும். கை ஆடுகிற தாளத்தை வைத்து அது நடையை ஊகிக்கிறது. தலையில் சிமெண்ட் சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாரம் ஏறும் சித்தாளின் அந்தக் கையில் இதைக் கட்டினால் எத்தனை அடி எண்ணும்? தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பற்றி ஊரைச் சுற்றும் வியாபாரிக்கு? கொத்து பரோட்டா மாஸ்டருக்குக் கட்டிப் பாருங்கள், நின்ற இடத்திலேயே பழனிக்குப் போய்வந்துவிடுவார். வேலை நேரம் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு, தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கைவீசி நடக்கிற உடம்பு ஒன்று உண்டு. இந்தக் கருவி அதற்காகச் செய்தது. அது என் உடம்பு. அம்மாவின் உடம்பு அதன் அகராதியிலேயே இல்லை. இல்லை என்று சொல்லாமல் 'சோம்பேறி' என்று சொன்னதுதான் என் கோபம். அதைவிடப் பெரிய கோபம், அது சொன்னதை நான் நம்பினேன் என்பது. சோறு போட்ட உழைப்பு எதுவென்று எனக்குத் தெரியும். இருந்தும் எண்ணைப் பார்த்ததும் மறந்துவிட்டேன்.

இந்த இடத்தில் நம் இலக்கிய நண்பர்கள் தலையாட்டத் தொடங்கியிருப்பார்கள். நடை ஒரு தியானம், எண்ணினால் செத்துவிடும், கால் போன போக்கில் போக வேண்டும் என்றெல்லாம். அட போங்கப்பா. பத்து மணி நேரம் உட்கார்ந்தே கிடந்த எனக்கு, நாளுக்கு 1,900 அடிதான் நடக்கிறாய் என்று இந்தப் பட்டை காட்டியபோது நிஜமாகவே உறைத்தது. இன்று தினமும் நடக்கிறேன் என்றால் அந்த வெட்கம்தான் காரணம். உயிர் சம்பந்தப்பட்ட உபயோகமும் உண்டு. 2019இல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் 4,19,297 பேர் கலந்துகொண்டார்கள். 0.52 சதவீதம் பேருக்குத் துடிப்பு சீராக இல்லை என்று கடிகாரம் எச்சரிக்கை அனுப்பியது. அப்படி எச்சரிக்கை வந்து, அனுப்பிவைத்த ஈசிஜி ஒட்டுப்பட்டையை அணிந்து திருப்பித் தந்த 450 பேரில் 34 சதவீதத்தினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பது அதில் பதிவானது. இது சின்ன விஷயம் இல்லை. கருவியை உடைத்துப் போடச் சொல்லி நான் எழுதவில்லை.

என் சண்டை அது எடுத்துக்கொள்ளும் நாற்காலியோடு. அளவுகோலாக வந்தது நீதிபதியாக உட்கார்கிறது. அது நம் மணிக்கட்டோடு நிற்கவும் இல்லை. 2021 ஜனவரியில் கூகுள் ஃபிட்பிட்டை வாங்கி முடித்தது, 210 கோடி டாலருக்கு. இங்கேயே சில மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் இத்தனை அடி நடந்தால் பிரீமியத்தில் சலுகை என்று வந்தாயிற்று. யாருக்குச் சலுகை? பூங்காவில் நடக்க நேரமுள்ளவருக்கு. மேஜைமுன் நிற்பவர் கணக்கில் 2,312தான். நாளைக்கு ஒரு கம்பெனி தன் தொழிலாளர்களுக்கெல்லாம் 'நலத்திட்டம்' என்ற பெயரில் இதைக் கட்டிவிட்டால், போர்டில் எழுத இன்னொரு எண் கிடைக்கும்.

வாங்குகிறவர்கள் வாங்குங்கள். கலோரியை அணைத்துவிடுங்கள். ஓய்வுத் துடிப்பை மாதக்கணக்கில் பாருங்கள், நாள்கணக்கில் வேண்டாம். மூச்சு வாங்கினால், நெஞ்சு அடைத்தால், பட்டை 72 என்று காட்டினாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அடுத்தவர் கணக்கை, அதுவும் பெற்றவர்கள் கணக்கை, உங்கள் போனில் இணைக்காதீர்கள்.

அம்மாவின் பட்டையில் அடிக்கணக்கையும் அந்தப் பொம்மையையும் நிறுத்திவிட்டேன். கழற்றி வைத்துவிடுவார் என்று நினைத்தேன், கட்டிக்கொண்டுதான் போகிறார். வேலை நேரத்தில் போன் கையில் வைத்திருக்க முடியாது. பைக்குள் இருக்கும் போனுக்கு நான் கூப்பிட்டால் இங்கே அதிர்கிறது, அது அவருக்குப் பிடித்திருக்கிறது. போன வாரம், "நின்னுட்டே இருக்கறத இதுல எண்ண முடியாதா கண்ணு?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். எங்கள் பட்டையில் இல்லை. ஆப்பிள் கடிகாரத்தில் 'நிற்றல்' என்று நீல நிறத்தில் ஒரு வளையம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடமாவது எழுந்து அசைந்தால் அந்த மணி கணக்கில் ஏறும். அப்படிப் பன்னிரண்டு மணி சேர்ந்தால் வளையம் பூர்த்தி. ஆக, பன்னிரண்டு நிமிடம். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.