நீ பார்த்தாயா?



சென்ற வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. நம்மில் ஒருவன் கடன் வாங்கி ஏமாற்றிவிட்டதாக யாரோ முகநூலில் எழுதியது. அரை மணி நேரத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டீர்கள். அனுப்பியவனைக் கூப்பிட்டு "உனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன். "ஃபார்வர்டு சார்" என்றான்.

வகுப்பில் "அவன் அடிச்சான் சார்" என்று வந்து நிற்பீர்கள். "நீ பார்த்தியா?" என்பேன். "இல்ல சார், இவன் சொன்னான்." அப்படியானால் இவனைக் கூப்பிடு என்பேன். 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டம் சொன்னதும் அதைத்தான். பார்த்தவரே வந்து சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1-ல் புதுச் சட்டம் வந்தபிறகும் அது மாறவில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஸ்கிரீன்ஷாட்டைச் செய்ய முடியுமா?

மின்னணு நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அன்வர் வழக்கில் சொன்னது, 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதி செய்தது. புதுச் சட்டத்தின் படிவத்தில் நிபுணர் பூர்த்தி செய்ய வேண்டிய பகுதியும் உண்டு. அத்தனையும் கொடுத்தாலும், இப்படி ஒரு பதிவு இருந்தது என்பதுதான் நிரூபணமாகும். அதில் எழுதியிருப்பது உண்மை என்று ஆகிவிடாது.

ஆனால் எழுதியவருக்கு எதிராக அதே பதிவு செவிவழிச் செய்தி அல்ல, அவருடைய சொந்த வாக்கு. அனுப்பியவரும் தப்ப முடியாது. எஸ்.வி.சேகர் முகநூலில் பகிர்ந்த பதிவு தொடர்பாக 2018-ல் முன்ஜாமீனை மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றை ஃபார்வர்டு செய்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்றது.

இந்த விதிகளெல்லாம் பழசு, தளர்த்த வேண்டும் என்கிறான் வக்கீலாக இருக்கும் என் மாணவன் ஒருவன். பாதி ஒப்புக்கொள்கிறேன். மெசஞ்சரில் மிரட்டப்படும் ஒரு பெண் நிபுணருக்கு எங்கே போவாள்? தன் போனையே கொண்டுவந்து கூண்டேறிச் சாட்சி சொன்னால் சான்றிதழ் வேண்டாம் என்கிறது 2020 தீர்ப்பு. சரி, வழக்கு முடியும்வரை அந்தப் போன் அவளுக்குத் திரும்பக் கிடைக்குமா? அதை எளிதாக்கட்டும். ஆனால் "நீ பார்த்தாயா?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடக் கூடாது. யாரோ எழுதியதை வைத்து ஒருவனைத் தண்டிக்கலாம் என்றால் நாளை அது நீங்களாகவும் இருக்கலாம்.

அந்தப் பையன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். ஃபார்வர்டு செய்தவர்கள் அவனிடம் நேரில் பேசுங்கள். எண் என்னிடம் இருக்கிறது.